வீட்டுப் பரணில் பைன் மார்ட்டன்: அவசரத்தில் செய்யக் கூடாதவை

ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட்ஸிலோ அயர்லாந்தின் உள்நாட்டுப் பகுதிகளிலோ காட்டை ஒட்டி வீடு எடுத்திருக்கும் தமிழர் ஒருவர், பின்கட்டில் முதல்முறையாக பைன் மார்ட்டனைப் பார்த்தால் "அட, நம்மூர் மரநாய்!" என்றுதான் சொல்வார். பழக்கமும் அப்படித்தான். இரவில் உலாவும், சரசரவென்று மரம் ஏறும், பரணில் குடியேறும், கோழிக்கும் பழத்துக்கும் ஆசைப்படும். ஆனால் உறவு கிடையாது. மரநாய் புனுகுப்பூனை வகையறா. மார்ட்டன் கீரிப்பிள்ளை மாதிரி நீண்ட உடம்போடு இருந்தாலும் நீர்நாயின் குடும்பம். நம் பக்கத்தில் அதன் நிஜமான சொந்தம் வேண்டுமென்றால் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில்தான் தேட வேண்டும்: தொண்டையில் மஞ்சள் பூசிய நீலகிரி மார்ட்டன். அது ஊர்ப்பக்கம் அவ்வளவாக வராது. இது வரும்.

ஆள் அடையாளம் முக்கியம், ஏனென்றால் சட்டச் சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது. பைன் மார்ட்டன் பூனையைவிடச் சற்றுச் சிறியது. ஆண் இரண்டு கிலோவை ஒட்டி இருக்கும், பெண் அதைவிடக் குறைவு. சாக்லேட் பழுப்பு ரோமம், புசுபுசுவென்று வால், தொண்டையிலிருந்து மார்பு வரை வெண்மஞ்சள் திட்டு. அந்தத் திட்டின் ஓரம் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். ஆய்வாளர்கள் கேமராப் படத்தில் அதை வைத்துத்தான் இது எது என்று பிரித்துச் சொல்கிறார்கள். இதோடு பலர் குழப்பிக்கொள்வது அமெரிக்க மிங்க். அது கரும்பழுப்பு, முகவாயில் மட்டும் கொஞ்சம் வெள்ளை, பெரும்பாலும் தண்ணீர் ஓரம். மிங்க் வெளிநாட்டிலிருந்து வந்து பெருகிய விலங்கு, அதைப் பொறி வைத்துப் பிடிப்பது வழக்கம். மிங்க்குக்கு வைத்த கூண்டில் மார்ட்டன் மாட்டினால் அங்கேயே உடனே திறந்து விட்டுவிட வேண்டும். "ஏதோ ஒன்று கோழியைத் தின்றது, ஏதோ ஒன்று மாட்டியது" என்று முடித்துவிட முடியாது.

இணையத்தில் தேடுபவர்கள் விழும் பள்ளம் இன்னொன்று. மார்ட்டன் என்று தட்டினால், காரின் ஒயரைக் கடிக்கிறது, எஞ்சினுக்கு அடியில் கம்பிவலை விரியுங்கள், மின்அதிர்ச்சிக் கருவி பொருத்துங்கள் என்று ஜெர்மனி, ஆஸ்திரியாப் பக்கத்து அறிவுரைகள் வரிசையாக வரும். அவை இன்னொரு இனத்தைப் பற்றியவை. பீச் மார்ட்டன் என்கிற அதற்கு மார்புத் திட்டு வெள்ளையாக, கீழே இரண்டாகப் பிரிந்திருக்கும். ஐரோப்பாவின் பெருநிலத்தில் நகரங்களுக்குள்ளேயே வாழும். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் அது இல்லை. இங்கே காருக்கு வலை வாங்கிப் பணத்தைக் கரைக்க வேண்டாம்.

பரணில் சத்தம் கேட்டால்

அதிகத் தவறு நடப்பது இங்கேதான். மார்ட்டனுக்குக் குட்டி போட மரப்பொந்து வேண்டும். பொந்து விழுகிற அளவுக்கு வயதான மரங்கள் இங்கே குறைவு. வரிசையாக நட்டு வெட்டும் தோட்டக்காடுகளில் பொந்து ஏது? ஆகவே கதகதப்பான, மழை படாத, ஆள் நடமாட்டமில்லாத வீட்டுப் பரண் அதற்குக் கிடைத்த வரம். கல்சுவர், மழைநீர்க் குழாய், கூரைமேல் சாய்ந்த கிளை, எதில் வேண்டுமானாலும் ஏறிவிடும். நாலரை சென்டிமீட்டர் இடுக்கு இருந்தால் போதும், தலை நுழைந்துவிடும்; தலை நுழைந்தால் உடம்பும் நுழையும்.

குட்டிகள் பிறப்பது மார்ச் கடைசி, ஏப்ரலில். பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று. பிறக்கும்போது கண் திறக்காது. ஜூன் வரை அவை வெளியே தலைகாட்டுவதே அரிது. வீட்டுக்காரருக்கு விஷயம் தெரியவருவதோ மே மாதத்தில்தான். குட்டிகள் வளர்ந்து, ஒன்றையொன்று துரத்தி, படுக்கையறைக்கு மேலே தடதடவென்று ஓடும். கீச்சென்று சண்டை. கூடவே கழிவு நாற்றம். குளிர் தடுக்க விரித்திருக்கும் பஞ்சின் ஒரு மூலையை அவை கழிப்பறையாக்கியிருக்கும். தூக்கமில்லாத நாலாவது இரவில் மனுஷர் ஏணியை எடுப்பார், பலகை அடிப்பார், ஓட்டையை மூடுவார். தாய் இரைதேடப் போயிருக்கும் நேரம் அது. குட்டிகள் உள்ளே மாட்டிக்கொள்ளும். தாய் திரும்பி வந்து கூரை ஓடுகளைப் பெயர்க்கும், பலகையைப் பிறாண்டும், வேறு வழி தேடும். கிடைக்காவிட்டால் உள்ளே குட்டிகள் பட்டினியில் சாகும். அப்புறம் வரும் நாற்றத்தோடு ஒப்பிட்டால் முன்பிருந்தது ஒன்றுமே இல்லை.

செய்ய வேண்டியது கசப்பானதுதான்: பொறுத்துக்கொள்வது. குட்டிகள் தாயோடு வெளியேறும் வரை சில வாரங்கள். சத்தம் நின்றதும் உள்ளே எதுவும் இல்லை என்று உறுதிசெய்ய எளிய வழி, அது நுழையும் இடுக்கில் கசக்கிய செய்தித்தாளை லேசாகச் செருகி வைப்பது. சில இரவுகள் கழித்தும் தாள் அசையாமல் இருந்தால் வீடு காலி. ஆகஸ்ட் கழிந்து பிப்ரவரிக்குள் அடைப்பு வேலையை முடித்துவிட வேண்டும். ஒரு ஓட்டையை மட்டும் அடைப்பது வீண். கூரை விளிம்பு முழுக்கச் சுற்றிப் பார்த்து, விரல் நுழைகிற இடத்தையெல்லாம் உறுதியான பற்றவைத்த கம்பிவலையால் மூட வேண்டும். கூரையைத் தொடும் கிளைகளையும் வெட்டிவிடுங்கள். ஒன்று கவனம்: அதே பரணில் வௌவால் இருக்கலாம். அவற்றுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு, அவற்றின் வழியை அடைப்பதும் குற்றம்.

அந்துருண்டை வீசுவது, இரவு முழுக்க ரேடியோ பாட விடுவது, மீயொலிக் கருவி மாட்டுவது எல்லாம் பலரும் செய்து பார்ப்பவை. அந்துருண்டையால் மூச்சு முட்டுவது பெரும்பாலும் கீழே படுத்திருப்பவருக்குத்தான். குட்டி வைத்திருக்கும் தாய் இதற்கெல்லாம் சட்டென்று இடத்தைக் காலி செய்யாது. அதைவிட உருப்படியான வேலை, வீட்டிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு பெரிய மரத்தில் உயரமாக, மார்ட்டனுக்கென்றே செய்யும் மரப்பெட்டியைக் கட்டி வைப்பது. வின்சென்ட் வைல்ட்லைஃப் டிரஸ்ட் என்ற அமைப்பு இந்தப் பெட்டிகளைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறது. போக்கிடம் இருந்தால் பரண்மேல் அதற்கு அவ்வளவு பிடிவாதம் இருக்காது.

கோழிக்கூண்டு

காலையில் கதவைத் திறந்தால் இருந்த கோழி அத்தனையும் செத்துக் கிடக்கும். கழுத்தில் கடி. ஒன்றிரண்டை இழுத்துக்கொண்டு போயிருக்கும், மற்றதில் ஒரு வாய்கூடத் தின்றிருக்காது. இதைப் பார்த்தவருக்கு "வெறிபிடித்த மிருகம்" என்றுதான் தோன்றும். உள்ளபடி நடப்பது வேறு. காட்டில் ஒரு பறவையைப் பிடித்தால் மற்றவை பறந்துவிடும், வேட்டை அத்தோடு முடிந்தது. மூடிய கூண்டில் எதுவும் பறக்க முடியாது. சிறகடிப்பு நிற்கிற வரை அதற்கும் நிற்கத் தோன்றாது. கிடைத்ததைப் பின்னால் ஆகட்டும் என்று ஒளித்து வைக்கும் பழக்கமும் அதற்கு உண்டு. முட்டையைக்கூட எடுத்துப் போய்ப் புதைத்து வைக்கும். வெறி என்று நினைப்பவர் துப்பாக்கியைத் தேடுவார். காரணம் புரிந்தவர் இடுக்கைத் தேடுவார்.

இடுக்கு எங்கே? பெரும்பாலும் மேலே. நரியை மனதில் வைத்துக் கட்டிய கூண்டுகள் கீழே பலமாக, மண்ணுக்குள் வலை புதைத்து இருக்கும். கூரையில் மெல்லிய அறுகோணக் கோழிவலை ஆணிக்கு ஆணி தொங்கிக்கொண்டிருக்கும். மார்ட்டனுக்கு அதுதான் வாசல். மேலேயும் பற்றவைத்த கம்பிவலை வேண்டும், காற்றோட்டத் துளைகளிலும் வேண்டும். வேலியின் தலைப்பில் மின்கம்பி ஓட்டுவது நன்றாகவே வேலை செய்யும்.

நேரம் விஷயத்தில் இன்னொரு ஏமாற்று. ஜூனில் ஹைலேண்ட்ஸில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். கோழி அவ்வளவு லேட்டாகத்தான் அடையும். குட்டிக்குப் பால் கொடுக்கும் மார்ட்டனோ பகலிலேயே இரை தேடி அலையும். வெளிச்சம் குறைந்தால் தானாக மூடும் கதவை நம்பி இருப்பவர்கள் கோடையில் அடிவாங்குவது இதனால்தான். கோழிகள் மேயும் முற்றத்துக்கும் மேல்வலை போட்டுவிட்டால் கதவு எப்போது மூடினாலும் கவலையில்லை.

கூண்டும் நஞ்சும்

பிடித்துக்கொண்டு போய் முப்பது மைல் தள்ளி விடலாம் என்ற யோசனை எல்லோருக்கும் வரும். பிரிட்டனில் 1981-ஆம் ஆண்டின் காட்டுயிர் மற்றும் நாட்டுப்புறச் சட்டத்தில் மார்ட்டனுக்கு 1988 முதல் முழுப் பாதுகாப்பு. அயர்லாந்தில் 1976-ஆம் ஆண்டின் காட்டுயிர்ச் சட்டம். உரிமம் இல்லாமல் பிடிப்பது, காயப்படுத்துவது, கொல்வது எல்லாம் குற்றம். குடியிருக்கும் வீட்டுக்குள் உள்ள வளை விஷயத்தில் பிரிட்டன் சட்டம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது. அதை நம்பி இறங்கும் முன் ஸ்காட்லாந்தில் நேச்சர்ஸ்காட் என்ற அரசு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் அலுவலகத்தையோ, அயர்லாந்தில் தேசியப் பூங்காக்கள் மற்றும் காட்டுயிர்ச் சேவையின் உள்ளூர் ரேஞ்சரையோ கேட்டுவிடுவது நல்லது. சட்டத்தை விடுங்கள், பிடித்து விட்டாலும் பயனில்லை. இடம் காலியானால் இன்னொரு மார்ட்டன் வந்து உட்காரும், உங்கள் கூரை இடுக்கு அப்படியே இருக்கும்.

எலிக்கு நஞ்சு வைப்பவர்கள் மார்ட்டனை நினைப்பதே இல்லை. ஸ்காட்லாந்தில் அதன் முக்கிய உணவே வயல் எலிகள். இரத்தம் உறையவிடாத நஞ்சைத் தின்ற எலி உடனே சாகாது. தள்ளாடிக்கொண்டு நாலைந்து நாள் திரியும், அப்படித் திரிவதுதான் பிடிக்கச் சுலபம். மார்ட்டன் உலாவும் வீட்டில் எலிப்பொறியே நல்லது, அதையும் பெட்டிக்குள் வைக்க வேண்டும்.

ஜாம் வைக்கலாமா?

ஹைலேண்ட்ஸ் விடுதிகள் சிலவற்றில் இதுவே விளம்பரம். இரவு ஜன்னல் விளிம்பில் ரொட்டியும் ஜாமும் வைப்பார்கள். கண்ணாடிக்கு ஒரு முழம் அப்பால் முன்னங்காலால் ரொட்டியை அழுத்திப் பிடித்து, காதை ஒவ்வொரு சத்தத்துக்கும் திருப்பித் திருப்பித் தின்னும். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. எப்போதாவது ஒரு கைப்பிடி நிலக்கடலை வைப்பதில் பெரிய கெடுதல் இல்லை என்பது என் எண்ணம். தவறு, தினமும் வைப்பது. மனித வீடு என்றால் சாப்பாடு என்று அது கற்றுக்கொள்ளும். நீங்கள் விடுமுறைக்குப் போனால் பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டுக்குத்தான் போகும். கோழி வளர்க்கும் அண்டை வீட்டாரைக் கேட்காமல் தீனி போடுவது சண்டைக்கு அழைப்பு.

முழுக்க எதிரியாக நினைப்பதும் கணக்குப் பிழைதான். வட அமெரிக்கச் சாம்பல் அணிலை 1911-இல் அயர்லாந்தின் லாங்ஃபோர்டுக்குக் கொண்டுவந்தார்கள். அது பரவப் பரவ உள்ளூர்ச் சிவப்பு அணில் பின்வாங்கியது. மார்ட்டன் மீண்டும் பெருகிய நடு அயர்லாந்தில் சாம்பல் அணில் சரிந்து சிவப்பு அணில் திரும்பியதை எம்மா ஷீஹி, காலின் லாட்டன் ஆகியோரின் 2014-ஆம் ஆண்டு ஆய்வு பதிவு செய்தது. 2015 முதல் 2017 வரை ஸ்காட்லாந்திலிருந்து 51 மார்ட்டன்களைப் பிடித்து வேல்ஸுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். ஒரு வீட்டில் விரட்ட நினைப்பதை இன்னொரு ஊரில் தேடிக் கொண்டுவந்து விடுகிறார்கள்.

குழந்தைகளைக் கடிக்குமா என்று கேட்பவர்களுக்கு: விலகிப் போகிற விலங்கு. மூலையில் மடக்கினாலோ கையில் எடுத்தாலோ கடிக்கும். கடித்தால் காயத்தைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, மருத்துவரைப் பாருங்கள். நம்மூர்ப் பழக்கத்தில் முதலில் வெறிநாய்க்கடி பயம் வரும். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் தரைவாழ் காட்டு விலங்குகளில் அந்த நோய் இல்லை. டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்பதுதான் அங்கே கேட்கப்படும் கேள்வி.

ஜூன் வாக்கில் தோட்டத்தில் தனியாக ஒரு குட்டி கத்திக்கொண்டு கிடந்தால், அநாதை என்று தூக்கிக்கொண்டு உள்ளே ஓட வேண்டாம். ஏறப் பழகும்போது கிளையிலிருந்தோ கூரையிலிருந்தோ விழுந்திருக்கும். நாயையும் பூனையையும் கட்டிவிட்டு, தள்ளி நின்று பாருங்கள். இருட்டியதும் தாய் வந்து பிடரியைக் கவ்வித் தூக்கிப் போய்விடும். மறுநாள் காலையிலும் அங்கேயே கிடந்தாலோ இரத்தக் காயம் இருந்தாலோ மட்டும் விலங்கு மீட்பு அமைப்பைக் கூப்பிடுங்கள்.