பள்ளி மன்றத்துக்கு நிதி திரட்டுகிறீர்களா? செலவுக்குக் கல்லாவைத் தொடாதீர்கள்

பொங்கல் விடுமுறை முடிந்ததும் பள்ளிகளில் உணவுத் திருவிழா களைகட்டும். இலக்கிய மன்றம், சுற்றுச்சூழல் மன்றம், ஜே.ஆர்.சி. (இளையோர் செஞ்சிலுவைச் சங்கம்), என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) என்று ஆளுக்கொரு கடை. புதிதாகப் பொறுப்பேற்ற ஆசிரியர்களும் மாணவர்களும், முன்பு நாங்கள் தடுக்கி விழுந்த அதே இடங்களில் விழுவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். சுண்டலில் உப்பு கூடியது, பேனரில் எழுத்துப்பிழை வந்தது போன்றவற்றை விட்டுவிடலாம். அவை அடுத்த முறை தானாகவே சரியாகிவிடும்.

கல்லாவிலிருந்தே செலவு செய்வது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஒரு பள்ளியில் கபடி அணிக்குச் சீருடை வாங்கக் கடை போட்டார்கள். கல்லா ஒரு பிஸ்கட் டின். அதை வைத்திருந்தவள் பதினொன்றாம் வகுப்பு மாணவி. கூட்டம் நெருக்கும் நேரத்தில் ஒரு பையன் ஓடி வந்து, "அக்கா, ஐஸ்காரர் நிக்கிறாரு, முந்நூறு குடுங்க" என்றான். கொடுத்தாள். அப்புறம் எலுமிச்சைக்கு, பேப்பர் கப்புக்கு, ஆட்டோவுக்கு என்று டின்னிலிருந்து பணம் போய்க்கொண்டே இருந்தது. ஆசிரியர் ஒருவரே சில்லறை வேண்டுமென்று 500 ரூபாய் நோட்டுக்குப் பத்துகளை அள்ளிக்கொண்டு போனார். நோட்டைப் பிறகு தருவதாகச் சொன்னார்.

மாலையில் எண்ணினால், எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை. எவ்வளவு விற்றது, எவ்வளவு செலவானது என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. யாரும் அவளை நேரடியாகக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் எல்லாரும் அவளையே பார்த்தார்கள். அதன்பின் அவள் எந்த மன்றத்துக்கும் வரவில்லை. சீருடை அடுத்த ஆண்டு வாங்கிக்கொள்ளலாம். அந்தப் பிள்ளைக்கு நேர்ந்ததை யார் ஈடுகட்டுவது?

கல்லாவுக்குள் பணம் வர மட்டும் வேண்டும், போகவே கூடாது. செலவுக்கு முன்பணம் தனி உறையில், வேறொருவர் கையில் இருக்கட்டும். ஐஸ்காரரிடம் பில் இருக்காது. ஒரு தாளில் தொகையை எழுதிக் கையெழுத்து வாங்கினால் போதும். பணம் வாங்குவது ஒரே மேசையில், வரிசை எண் போட்ட டோக்கனுக்கு மட்டும். கடைகளில் டோக்கனைத் தவிர எதையும் வாங்கக் கூடாது.

10 ரூபாய் டோக்கன் 1 முதல் 640 வரை போயிருந்தால் விற்பனை 6,400 ரூபாய். காலையில் சில்லறையாக வைத்த 500 சேர்த்து டின்னில் 6,900 இருக்க வேண்டும். உறையிலிருந்து 2,350 செலவாகியிருந்தால், விற்பனையில் அதைக் கழித்து மிச்சம் 4,050. இருவர் எண்ண, மூன்றாமவர் எழுத, மூவரும் அங்கேயே கையெழுத்துப் போட வேண்டும்.

அண்ணனின் ஜிபே

மாணவரின் அண்ணன், ஆசிரியரின் மனைவி என்று யாருடைய க்யூஆர் அட்டையையும் மேசையில் வைக்காதீர்கள். வீட்டுப் பணமும் மன்றப் பணமும் ஒரே கணக்கில் கலந்தால் பிரித்தெடுப்பது பெரும்பாடு. தலைமையாசிரியரிடம் பேசி, பள்ளி அல்லது பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் வங்கிக் கணக்கைப் பயன்படுத்துங்கள். முடியாதென்றால் ரொக்கம் மட்டும்.

வரிவிலக்கு வாக்குறுதி

முன்னாள் மாணவர்களிடம் போகும் பிள்ளைகள் உற்சாகத்தில், "வரிவிலக்கு கிடைக்கும் சார்" என்று சொல்லிவிடுகிறார்கள். 80ஜி என்று அறியப்படும் வருமான வரிச் சலுகை அதற்கான அனுமதி பெற்ற அமைப்புகளுக்குத் தரும் நன்கொடைக்குத்தான். அங்கும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் சலுகை இல்லை. அரசுப் பள்ளிக்குப் பெரிய தொகை தர விரும்புகிறவர்களை 2022-இல் தமிழக அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டத்தின் பக்கம் அனுப்பிவிடுங்கள்.

கொடி நாள் உண்டியல்

டிசம்பர் 7 வசூல் படைவீரர்களுக்கும் முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கும் உரியது. ஒரு ரூபாய்கூட மன்றப் பணத்தோடு கலக்கக் கூடாது.

பெயர் வாசிப்பது

பணம் கொண்டுவராத பிள்ளைகளின் பெயரை வகுப்பில் வாசிக்காதீர்கள். ஒருபோதும்.

கணக்கை ஒட்டாமல் விடுவது

திங்கட்கிழமை காலை வழிபாட்டுக்கு முன்பே வரவும் செலவும் அறிவிப்புப் பலகையில் இருக்கட்டும். வீட்டிலிருந்து அம்மாக்கள் செய்து அனுப்பிய அதிரசமும் முறுக்கும் "நன்கொடைப் பொருள்" என்று அதில் ஏறட்டும். அவர்கள் செலவழித்த எண்ணெயும் மாவும் சும்மா வந்தவை அல்ல. கீழே முதலில் பொருளாளர் மாணவரின் கையெழுத்து, அதற்கடுத்து ஆசிரியருடையது.