பரோடிட் கட்டியா? கத்தி எடுக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாங்கள் முதுநிலை படித்தபோது செய்து திட்டு வாங்கியதையே இப்போதைய மாணவர்களும் செய்கிறார்கள். பக்கம் மாற்றிக் குறிப்பது போன்றவற்றை விடுகிறேன். அதற்குச் செக்லிஸ்ட் இருக்கிறது. காதுக்கு முன்னும் கீழும் இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பியான பரோடிட்டில் அதிகம் வரும் புற்றல்லாத கட்டியான பிளியோமார்ஃபிக் அடினோமாவைப் பற்றித்தான் பேச்சு.

தோண்டி எடுப்பது

காது மடலுக்குக் கீழே வலியில்லாத, அசைகிற கட்டி. ‘கொழுப்புக் கட்டிதான்’ என்று மரத்துப்போக ஊசி போட்டு, தோலைக் கீறி, விரலால் வழித்து எடுத்துவிடுகிறார்கள். வேலை சீக்கிரம் முடிந்ததில் எல்லோருக்கும் சந்தோஷம்.

வில்லங்கம் கட்டியின் உறையில் இருக்கிறது. வெளியே வழவழவென்று தெரிந்தாலும் அங்கங்கே மெலிந்திருக்கும், சில இடங்களில் இருக்கவே இருக்காது. கட்டியின் நுண்ணிய மொட்டுகள் அதைத் தாண்டி நீண்டிருக்கும். வழிக்கும்போது அவை சுரப்பியிலேயே தங்கிவிடும். உறை கிழிந்து உள்ளிருப்பது சிந்தினால் இன்னும் மோசம்.

இப்படிக் கட்டி எடுக்கப்பட்ட ஒரு அம்மா பத்து வருடங்களுக்குப் பிறகு எங்களிடம் வந்தார். பழைய தழும்புக்கடியில் பயறு பயறாக முடிச்சுகள். பயாப்சி ரிப்போர்ட் கேட்டேன். “சாதாரணக் கட்டிதான்னு டெஸ்ட்டுக்கே அனுப்பலைங்க சார்” என்றார். முகத்தை அசைக்கும் முக நரம்பு இந்தச் சுரப்பிக்குள்தான் ஓடுகிறது. தழும்புக்குள் எது நரம்பு, எது நார் என்று பிரிப்பதிலேயே அன்றைய பொழுது போனது. திரும்பத் திரும்ப வரும் கட்டிகளில் சில புற்றாகவும் மாறலாம்.

முக நரம்பை முதலில் கண்டுபிடித்து, சுற்றியுள்ள நல்ல திசுவோடு சேர்த்து எடுங்கள். சிறிய, அசையும் கட்டிகளை உறைக்கு வெளியே கவனமாகப் பிரித்தெடுக்கும் முறையும் உண்டுதான்; அது கைதேர்ந்தவர்களுக்கு. தோண்டி எடுத்துவிட்டு ஆபரேஷன் நோட்டில் மட்டும் இந்த முறையின் பெயரை எழுதுகிறார்களே, அதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும்.

கீறி பயாப்சி எடுப்பது

வேண்டாம். ஊசிப் பரிசோதனை போதும்.

மானிட்டரை மட்டும் நம்புவது

நீண்ட நேரம் நிற்கும் தசைத்தளர்வு மருந்து உடம்பில் இருந்தால் முக நரம்பைத் தொட்டாலும் நரம்பு மானிட்டர் சத்தம் போடாது. மயக்க மருத்துவரிடம் முன்பே பேசிவிடுங்கள். ட்ரேகஸ் (காதுத் துளைக்கு முன்னால் நீட்டியிருக்கும் பகுதி) குருத்தெலும்பின் முனை, தாடைக்குக் கீழே ஓடும் டைகாஸ்ட்ரிக் தசையின் பின்பகுதி இரண்டும் கண்ணுக்குத் தெரிந்த பிறகே நரம்பைத் தேடுங்கள்.

பின்விளைவுகளைச் சொல்லாதது

காது மடல் மரத்துப்போகலாம், வாய் கொஞ்ச நாள் கோணலாம், சில மாதங்கள் கழித்துச் சாப்பிடும்போது கன்னம் வியர்க்கலாம். கையெழுத்து வாங்கும்போதே சொல்லுங்கள்.

வாய்க்குள் பார்க்காதது

டான்சில் உள்பக்கம் தள்ளியிருந்தால் கட்டி பரோடிட்டின் ஆழ்மடலில், அதாவது முக நரம்புக்கு உள்பக்கம் இருக்கும் பகுதியில் இருக்கலாம். எம்ஆர்ஐ இல்லாமல் தியேட்டருக்குள் போகாதீர்கள்.