மூச்சு வாங்குகிற உடம்போடு ரெஸ்லிங் கற்கத் தொடங்குவது எப்படி?

இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சேர்ந்தாற்போலப் பத்து தண்டால் எடுத்ததில்லை. ஆனாலும் டிவியில் காட்டும் ரெஸ்லிங் ரிங்கில் ஏற வேண்டும் என்ற ஆசை சின்ன வயதிலிருந்தே விடவில்லை. அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அமெரிக்கரான டைமண்ட் டல்லாஸ் பேஜ் 1991-இல் மல்லராக ரிங்கில் இறங்கியபோது அவருக்கு வயது 35. 1999-இல் டபிள்யூசிடபிள்யூ என்ற அமெரிக்க ரெஸ்லிங் நிறுவனத்தின் உலகச் சாம்பியன் ஆனார். எனவே வயதைக் காரணம் காட்டி ஆசையை மூட்டை கட்ட வேண்டாம். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: இந்தக் கலையில் முதல் பாடம் விழுவது. கீழே சொல்லும் தயாரிப்பெல்லாம் அதற்காகத்தான்.

படி 1: மருத்துவரிடம் போங்கள்

ரத்த அழுத்தம், முழங்கால், முதுகு, கழுத்து எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். எப்போதாவது தலையில் பலமாக அடிபட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். என்ன செய்யப் போகிறீர்கள் என்பதையும் விளக்கிவிடுங்கள்.

படி 2: வீட்டிலேயே மூன்று மாதம்

ஜிம்மில் பணம் கட்ட வேண்டியதில்லை. நம் தாத்தாக்கள் எடுத்த பஸ்கியும் தண்டாலும் போதும். 1972-இல் ஜப்பானிய மல்லர் அன்டோனியோ இனோகி தொடங்கிய நியூ ஜப்பான் ப்ரோ ரெஸ்லிங் நிறுவனத்தின் பயிற்சிக்கூடத்தில், புதிதாகச் சேர்பவர்கள் நூற்றுக்கணக்கில் எடுப்பதும் இதே பஸ்கிதான். இந்திய மல்லர்களின் பயிற்சியை ஜப்பானில் பரப்பியவர்களில் மல்லரும் பயிற்சியாளருமான கார்ல் காட்ச் முக்கியமானவர்.

நீங்கள் பத்தில் தொடங்குங்கள். முழுதாக உட்கார முடியாவிட்டால் ஒரு நாற்காலியைப் பின்னால் போட்டு, அதில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுங்கள். தரையில் தண்டால் வரவில்லையா? சுவரில் கை ஊன்றி எடுங்கள், அப்புறம் கட்டில் விளிம்பு, அப்புறம் தரை. வாரத்துக்கு மூன்று நாள் இது, மற்ற நாட்களில் அரை மணி நேரம் வேக நடை.

கழுத்தை மட்டும் ஒரு நாளும் விடாதீர்கள். மல்லாந்து படுத்து, தாடையை மார்போடு ஒட்டி, தலையைத் தரையிலிருந்து இரண்டு விரல் உயரம் தூக்கிப் பத்து விநாடி நிறுத்துங்கள். ஐந்து முறை போதும். முதல் வாரம் கழுத்து நடுங்கும். தலையை ஊன்றி உடம்பை வில்லாக வளைக்கும் பாலப் பயிற்சியை வீடியோவில் பார்த்துவிட்டுத் தனியாகச் செய்யவே கூடாது.

படி 3: பள்ளியைத் தேடுங்கள்

இந்தியாவில் இருப்பவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது, இந்திய மல்லர் தி கிரேட் காளி 2015-இல் பஞ்சாபின் ஜலந்தரில் தொடங்கிய சிடபிள்யூஇ என்ற ரெஸ்லிங் பள்ளி. எந்த ஊர்ப் பள்ளியானாலும் சரி, பணம் கட்டுமுன் ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். புதியவர்களை முதல் நாளே தூக்கிப் போடுகிறார்களா? பயிற்சியாளர் பாதியில் போன் பேசப் போய்விடுகிறாரா? அப்படியானால் அந்த இடம் வேண்டாம். நல்ல பயிற்சியாளர் அதே ஒரு விழுதலை ஐம்பது முறை செய்ய வைப்பார், ஐம்பது முறையும் பார்ப்பார்.

படி 4: விழக் கற்பது

இதை 'பம்ப்' என்பார்கள். ரிங்கில் மெத்தை இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். இரும்புச் சட்டம், அதன் மேல் பலகை, மெல்லிய ஃபோம், கேன்வாஸ், அவ்வளவுதான். அதனால் அடியை உடம்பு முழுக்கப் பகிர்ந்து கொடுக்க வேண்டும்.

குந்தி உட்கார்ந்த நிலையில் தொடங்குவீர்கள். தாடை மார்பில் ஒட்டியிருக்கட்டும், கண் தொப்புளைப் பார்க்கட்டும். பின்னால் சாயும்போது முதுகின் மேல்பாகம் தட்டையாக விழ வேண்டும். அதே நொடியில் இரண்டு கைகளும் உடம்பிலிருந்து 45 டிகிரி விலகி, உள்ளங்கை கீழ்நோக்கிக் கேன்வாஸை அறைய வேண்டும். 'ஹா' என்று மூச்சை வெளியே விடுங்கள். அடக்கினால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும்.

எல்லோரும் செய்யும் தவறு ஒன்றுதான்: பயத்தில் கையைப் பின்னால் ஊன்றுவது. மணிக்கட்டும் முழங்கையும் போவது அதில்தான். தாடை விலகுகிறதா என்று தெரிய, சின்னத் துண்டு ஒன்றை மடித்துத் தாடைக்கடியில் கவ்விக்கொள்ளுங்கள். துண்டு விழுந்தால் அந்த பம்ப் சரியில்லை. குந்திய நிலையில் பழகாமல் நின்று விழ ஆசைப்படாதீர்கள். வீட்டுத் தரையில் இதைச் செய்யவே வேண்டாம்.

படி 5: கயிறு

ரிங்கின் கயிறுக்கு ஓடிப் போய்த் திரும்பி மோதுவது டிவியில் சுலபமாகத் தெரியும். கயிறு விலாவில் பதியும்போதுதான் அதன் கனம் புரியும். முதல் வாரம் என் அக்குளுக்குக் கீழே ஊதா நிறத்தில் பட்டையாகக் கன்றியிருந்தது. மேல் கயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மோதுங்கள், கயிறு தளர்ந்தாலும் வெளியே போய் விழ மாட்டீர்கள்.

வகுப்புக்குப் போகுமுன் நகம் வெட்டுங்கள். மோதிரம், சங்கிலி, அரைஞாண் கயிறு எல்லாம் கழற்றி வையுங்கள், பிடிக்கும்போது கூட ஆடுபவரின் விரல் அதில் மாட்டும். முழங்கால் உறை முதல் நாளே வாங்கிவிடுங்கள். பூட்ஸ் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முதல் மாதம் தசை வலி இருக்கும், அதோடு பழகிவிடலாம். தலைசுற்றல், வாந்தி, கண் மங்கல், கை மரத்துப்போவது, இவற்றில் ஒன்று வந்தாலும் அந்த நொடியே பயிற்சியாளரிடம் சொல்லி ரிங்கை விட்டு இறங்கி மருத்துவரிடம் போங்கள். அவர் சரி என்று சொல்லும்வரை பம்ப் எடுக்கக் கூடாது.