ஆறாம் பாகத்தில் அலுத்துப்போனால்: நீளமான காதல் தொடர்களைப் படிக்கும் வழி

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் என் தையல் கடைக்கு வந்துபோகிற நாங்கள் ஆறு பெண்கள் ஒரு புலனக் (வாட்ஸ்அப்) குழு வைத்திருக்கிறோம். பெயர்தான் தையல் குழு, உள்ளே ஓடுவதெல்லாம் கதைப் பேச்சு. போன வருஷம் ஓர் இணையத் தொடரை ஆறு பேரும் ஒன்றாக ஆரம்பித்தோம். மொத்தம் ஒன்பது பாகம், அண்ணன், தம்பி, அத்தை மகன், அத்தை மகனின் கூட்டாளி என்று ஒரு குடும்பமே வரிசையாகக் கல்யாணம் செய்துகொள்ளும் கதை. மூன்று மாதம் கழித்து ஜாக்கெட் அளவு கொடுக்க வந்த டீச்சர், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றபடியே, "ஆறாம் பாகத்தோட விட்டுட்டேன் தங்கச்சி, யார்கிட்டயும் சொல்லிடாத" என்றார். நானும் ஆறிலேயே விட்டிருந்தேன். மெல்ல விசாரித்தால் இன்னும் இரண்டு பேர் அதே இடம். ஒருத்தருக்கும் வாய் திறக்கத் தைரியமில்லாமல், குழுவில் தினமும் இதயப் படம் மட்டும் போட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

கதைப் புத்தகத்தை நிறுத்தியதற்கு இவ்வளவு குற்ற உணர்ச்சியா என்று எனக்கே சிரிப்பு வந்தது. கடன் வாங்கினால்தான் கட்டி முடிக்க வேண்டும், கதைக்கு என்ன? அதிலிருந்து நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். நீளமான தொடர் படிக்கிறவர்களுக்கு உதவும், படித்துப் பாதியில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இன்னும் உதவும்.

ஆரம்பிக்கும் முன்னாலேயே, கையில் எடுத்திருப்பது எந்த ரகம் என்று பார்த்துவிடுங்கள். காதல் கதைக்கு ஒரு சங்கடம் உண்டு. இரண்டு பேரும் சேர்ந்துவிட்டால் கதை முடிந்தது. நாம் காத்திருப்பதே அதற்குத்தான். அதற்குப் பிறகும் இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் வேண்டுமென்றால் எழுதுகிறவர் என்ன செய்வார்? ஒன்று ஜோடியை மாற்ற வேண்டும், இல்லையென்றால் அதே ஜோடிக்கு வெளியிலிருந்து ஏதாவது ஒரு வேலை கொடுக்க வேண்டும். இரண்டும் செய்யாமல், சேர்ந்தவர்களைப் பிரித்துப் பிரித்துச் சேர்ப்பது மூன்றாவது வழி. நம்மை அதிகம் அலுக்கவைப்பது இதுதான். கடத்தல், ஞாபக மறதி, பழைய காதலி குழந்தையோடு வந்து நிற்பது, இதெல்லாம் இரண்டாம் பாகத்திலேயே வந்துவிட்டால் எச்சரிக்கையாக இருங்கள்.

ஜோடி மாறும் ரகத்துக்கு எல்லாருக்கும் தெரிந்த உதாரணம் ஜூலியா குவின் எழுதிய பிரிட்ஜர்டன் புத்தகங்கள். எட்டு அண்ணன் தங்கைகள், ஆளுக்கு ஒரு புத்தகம், 2000இல் முதலாவது, 2006இல் எட்டாவது. பிள்ளைகளுக்கு ஆங்கில எழுத்து வரிசைப்படி ஏயிலிருந்து எச் வரைக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள், அதனால் யார் மூத்தவர் என்று குழம்பவே முடியாது. இந்த ரகத்தில் உள்ள பெரிய சௌகரியம், பிடிக்காத ஒருத்தரின் கதையைத் தாண்டிப் போய்விடலாம். தொலைக்காட்சிக்கு எடுத்தவர்களே வரிசையை மதிக்கவில்லை. மூன்றாம் புத்தகத்து அண்ணனைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, நாலாம் புத்தகத்துத் தம்பியின் கதையைத்தான் 2024இல் மூன்றாம் சீசனாகப் போட்டார்கள். அவர்களே தாண்டும்போது நீங்கள் தாண்டினால் யார் கேட்கப்போகிறார்கள்?

ஒரே ஜோடி ரகத்தில், நோரா ராபர்ட்ஸ் ஜே.டி. ராப் என்ற பெயரில் எழுதும் 'இன் டெத்' தொடர் 1995இல் ஆரம்பித்தது, ஐம்பது புத்தகங்களையும் தாண்டி இன்னும் ஓடுகிறது. நாலாவது புத்தகம் தொடங்கும்போதே அந்த ஜோடி தேனிலவில் இருக்கிறது! அதற்கு மேல் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்றால், நாயகி போலீஸ்காரி, புத்தகத்துக்குப் புத்தகம் புதிதாக ஒரு கொலை வழக்கு. வழக்கு கதையை இழுத்துப்போகிறது, கல்யாண வாழ்க்கை பின்னால் மெதுவாக வளர்கிறது. வெளியே இத்தனை வருஷம் ஓடியும் கதைக்குள் சில வருஷங்கள்தான் ஓடியிருக்கின்றன. அதனால் இந்த மாதிரித் தொடரை எடுக்கும்போது உங்களிடமே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: எனக்கு அந்த வழக்கும் பிடிக்குமா, இல்லை ஜோடிக்காக மட்டும் வந்தேனா? ஜோடிக்காக மட்டும் என்றால் மூன்றோடு இறங்கிவிடுவது நல்லது. நான் அப்படித்தான் இறங்கினேன், ஒரு குறையும் இல்லை.

அடுத்து, ஓடிக்கொண்டிருக்கும் தொடரா, முடிந்த தொடரா. நம் இணையக் கதைகளில் யூடி, அதாவது புது அத்தியாயம், வருகிற நாளுக்காகக் காத்திருந்து படிப்பது ஒரு தனி சுகம், மறுக்கவில்லை. ராத்திரி பத்து மணிக்கு அத்தியாயம் ஏறியதும் ஆறு பேரும் ஒரே நேரத்தில் "அடப்பாவி" என்று அனுப்புவதில் இருக்கும் குஷி முடிந்த கதையில் கிடைக்காது. ஆனால் தினம் ஓர் அத்தியாயம் போட்டாக வேண்டிய எழுத்தாளர் ஒவ்வொன்றின் கடைசியிலும் ஒரு கொக்கி வைக்கத்தான் செய்வார், வைக்காவிட்டால் நாம் நாளைக்கு வரமாட்டோம். அதையே மொத்தமாக உட்கார்ந்து படித்தால் அறுபது கொக்கியும் ஒரே நாளில் தொண்டையில் மாட்டும். அலுப்பில் பாதி இங்கிருந்துதான் வருகிறது. தினமும் படிக்க எழுதியதைத் தினமும் படியுங்கள், ஒரே மூச்சில் விழுங்காதீர்கள். புத்தகமாக எழுதியது என்றால் அது வேறு.

என் சித்தி இதற்கு நேரெதிர். நாங்கள் ரப்பர் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் வரும் தொடர்கதையைச் சித்தி படிக்கவே மாட்டார். கத்தரித்து, பால்மரம் வெட்டப் போட்டுப்போகும் பழைய சட்டைக்கு அடியில் தகரப் பெட்டியில் அடுக்கிவைப்பார். கதை முடிந்ததும் நூலில் கோத்துத் தைத்து, ஒரு நாள் லீவு பார்த்து உட்கார்ந்துவிடுவார். லயத்தில் மற்றவர்கள் வாராவாரம் "அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா" என்று ஆரம்பித்தால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவார். எனக்குத் தையல் ஆசை வந்ததே அந்தக் கதைக் கட்டுகளைப் பார்த்துத்தான் என்று இப்போது தோன்றுகிறது. ஞாயிறு பதிப்புக்காக நாங்கள் காத்துக்கிடந்த தமிழ் நேசனே 2019இல் நின்றுபோய்விட்டது. சித்தியின் முறை மட்டும் இன்னும் செல்லும்: உங்களுக்குப் பொறுமை இருக்கிறது, ஆனால் காத்திருக்கும்போது மண்டை காய்கிறது என்றால், முடிந்த கதையாகப் பார்த்து எடுங்கள்.

இடைவெளி விடுங்கள். இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை, நானும் கேட்கவில்லை. டுரியான் சீசனில் முதல் வாரம் எப்படிச் சாப்பிடுகிறோம், மூன்றாம் வாரம் பக்கத்து வீட்டில் பிளந்தாலே தலை சுற்றுகிறது, பழத்தின் மேல் என்ன குற்றம்? ஒரே ஆள் எழுதியதை வரிசையாக நாலு படித்தால் அவருடைய கை தெரிந்துவிடும். நாயகன் எப்போது தலையைக் கோதுவான், எப்போது "ஏய்" என்பான், சண்டை எத்தனையாவது அத்தியாயத்தில் வரும் எல்லாம் நமக்கு முன்கூட்டியே தெரியும். இரண்டு பாகம் படித்தால் நடுவில் வேறு ரகத்தில் ஒன்று படிக்கிறேன், துப்பறியும் கதையோ, சமையல் குறிப்போ, எதுவானாலும் சரி. திரும்பி வரும்போது அதே தலைகோதல் பழைய கூட்டாளியைப் பார்த்த மாதிரி இருக்கிறது.

இவ்வளவும் செய்தும் அலுப்பு வந்தால், அது எதன் மேல் என்று கண்டுபிடியுங்கள். தீபாவளிக்கு முந்தின மாதம் எனக்கு எந்தக் கதையும் ஏறாது. ராத்திரி ஒரு மணி வரை மெஷின் ஓட்டிவிட்டு, நாயகி பட்டுப்புடவையில் மாடிப்படி இறங்குகிறாள் என்று படித்தால், அந்த ஜாக்கெட்டுக்கு யார் லைனிங் வைத்தார்களோ என்றுதான் நினைப்பு போகும். அந்த நேரத்தில் ஒரு தொடரைப் பற்றி முடிவு எடுக்காதீர்கள். வேலை குறைந்ததும் அதே தொடரில் உங்களுக்கு மிகப் பிடித்த பழைய அத்தியாயம் ஒன்றை எடுத்துப் படியுங்கள். அது இன்னும் இனிக்கிறது, புதுப் பாகம்தான் கசக்கிறது என்றால் கோளாறு புதுப் பாகத்தில். பழையதும் கசக்கிறதென்றால் உங்களுக்கு ஓய்வு வேண்டும், மூடிவைத்துவிட்டுத் தூங்குங்கள்.

எதைத் தள்ளிப் படிக்கிறீர்கள் என்றும் கவனியுங்கள். வில்லனின் சதித்திட்டத்தையோ, கம்பெனி டெண்டரையோ தள்ளினால் பரவாயில்லை, அதை எழுதினவரே வேகமாகத்தான் எழுதியிருப்பார். நாயகனும் நாயகியும் பேசிக்கொள்வதையே தள்ள ஆரம்பித்துவிட்டால், உண்மையில் நீங்கள் ஏற்கெனவே நிறுத்திவிட்டீர்கள், விரல்தான் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது. நாங்கள் ஆறாம் பாகத்தில் அந்தக் குடும்பத்துப் பாட்டிக்காக மட்டும் படித்துக்கொண்டிருந்தோம். பாட்டி நல்ல வாயாடி. ஆனால் ஒரு பாட்டிக்காக எண்பது அத்தியாயம் முடியுமா, சொல்லுங்கள்.

பெயர் மறந்துபோவதால் வரும் அலுப்பும் உண்டு, அதற்கு மருந்து சுலபம். என் அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குடும்ப மரம் வரைந்துவைத்திருக்கிறேன், யாருக்கு யார், எந்தப் பாகத்தில் கல்யாணம், யாரோடு பேச்சுவார்த்தை இல்லை. ஒரு நாள் வாடிக்கையாளர் ஒருத்தர் அதைப் பார்த்துவிட்டு, இது யார் வீட்டு வம்பு என்று கேட்டார். டயானா கபல்டானின் அவுட்லாண்டர் மாதிரித் தொடரென்றால் இந்த நோட்டு இல்லாமல் பிழைக்க முடியாது. 1991இல் ஆரம்பித்தது, எட்டாவது புத்தகம் 2014இல், ஒன்பதாவது 2021இல். ஏழு வருஷம்! ஒவ்வொன்றும் தலையணை கனம். அப்படி இடைவெளி விட்டு வந்தால் முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்பப் படிக்கக் கிளம்பாதீர்கள், பாதியில் விழுந்துவிடுவீர்கள். நோட்டைப் பாருங்கள், போன பாகத்தின் கடைசி இரண்டு அத்தியாயம் படியுங்கள், போதும். மீதி தானாக ஞாபகம் வரும்.

பணத்தையும் யோசியுங்கள். நான் ஒரு தடவை ஐந்து பாகத்தையும் மொத்தமாகத் தமிழ்நாட்டிலிருந்து வரவழைத்தேன், புத்தக விலையைவிட அஞ்சல் செலவு அதிகம். இரண்டாவதோடு சலித்துவிட்டது. ஒரு புத்தகம் இன்று என் மெஷினின் ஆடும் காலுக்கு அடியில் நல்ல சேவை செய்கிறது. முதல் இரண்டு மட்டும் வாங்குங்கள், இல்லையென்றால் இரவல் கேளுங்கள். செயலியில் காசு கொடுத்துத் திறக்கும் அத்தியாயங்களுக்கும் இதேதான், "இவ்வளவு கட்டிட்டேனே" என்பதற்காக மேலும் கட்டாதீர்கள்.

நிறுத்துவதென்று முடிவானால் நடுக்கடலில் நிறுத்தாதீர்கள். பின்னோக்கிப் போங்கள், கடைசியாக எந்தப் பாகத்தின் முடிவு உங்களுக்கு மனநிறைவாக இருந்ததோ அதன் எபிலாக்கை, கதை முடிந்தபின் வரும் அந்தக் கடைசிப் பகுதியை, ஒரு தடவை படியுங்கள், மூடுங்கள். உங்களுக்குத் தொடர் அங்கே முடிந்தது. எனக்கு அந்தக் குடும்பத்தில் நாலாம் பாகத்துத் தம்பி மனைவியின் வளைகாப்போடு முடிந்தது, சாப்பாடு பரிமாறுகிறார்கள், பாட்டி அப்பளம் கேட்கிறார். பின்னால் அவர்களுக்கு என்ன ஆயிற்று என்ற அரிப்பு எப்போதாவது வரும், வாசகர்கள் எங்கேயும் இப்படித்தான். ஜூலியா குவினே எட்டு ஜோடிக்கும் இரண்டாவது எபிலாக் எழுதி 2013இல் தனிப் புத்தகமாகப் போட்டார்.

எழுதுகிறவரிடம் போய், "இழுக்காதீங்க, முடிங்க" என்று திட்டிக் கருத்துப் போடாதீர்கள். தம்பிக்குக் கதை எழுதுங்கள், கூட்டாளிக்குக் கதை எழுதுங்கள் என்று நச்சரித்ததே நாம்தான், என் கருத்தே அங்கே மூன்று கிடக்கிறது. சத்தமில்லாமல் இறங்கிவிடுங்கள்.

குழுவிடம் மட்டும் சொல்லிவிடுங்கள். எங்கள் குழுவில் இப்போது பெயருக்குப் பக்கத்தில் எண் போட்டுக்கொள்கிறோம், யார் எத்தனையாவது பாகத்தில் இறங்கினார்கள் என்று. என் பெயருக்குப் பக்கத்தில் நாலு. டீச்சர் ஆறு என்று போட்டார், பள்ளி விடுமுறையில் என்ன தோன்றியதோ மறுபடியும் ஏறி இப்போது எட்டில் இருக்கிறார். போன வாரம் ஜாக்கெட் வாங்க வந்தவரிடம், "நான் திரும்பப் படிச்சாலும் படிப்பேன் அக்கா, கதைய மட்டும் சொல்லிடாதீங்க" என்று கேட்டுக்கொண்டேன். சரி சரி என்று தலையாட்டினார். காசைக் கொடுத்துவிட்டு வாசல் வரை போனவர், கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

"பாட்டி போயிட்டாங்க தங்கச்சி."