பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி: தோட்டா போடும் முன் பார்க்க வேண்டியவை

இங்கே எடுத்துக்கொள்வது இங்கிலாந்தில் செய்த 12 போர் (bore, குழலின் உள்விட்டத்தைக் குறிக்கும் எண்) இரட்டைக் குழல் துப்பாக்கி. 1880 முதல் 1950 வரை செய்தவைதான் அதிகம் கைக்கு வருகின்றன. தோட்டா உள்ளே போகிறது, துப்பாக்கி மூடுகிறது, அதனால் சுடலாம் என்ற கணக்கு இவற்றுக்குச் செல்லாது. ஏன் என்பது மூன்றாம் படியில்.

முதல் படி. திறந்து இரண்டு அறைகளும் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். முன்கட்டையைக் கழற்றி, குழலைத் தனியே எடுங்கள். உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு சுத்தமாகப் போகவேண்டும். எண்ணெய் மினுமினுப்பு அரிப்புக் குழிகளை மறைத்துவிடும்.

இரண்டாம் படி, முத்திரைகள். குழலின் அடியில், பின்முனைக்கு அருகே உள்ள தட்டையான பகுதியில் லண்டன் அல்லது பர்மிங்காம் ப்ரூஃப் ஹவுஸ் (குழலின் வலிமையைச் சோதித்து முத்திரையிடும் கூடம்) அடித்த முத்திரைகள் இருக்கும். பர்மிங்காம் கூடம் 1813 முதல் இயங்குகிறது. புகையில்லா மருந்துக்குச் சோதித்ததற்கு ‘நைட்ரோ ப்ரூஃப்’ என்ற சொற்களோ, கிரீடத்தின் கீழ் ‘என்பி’ எழுத்துகளோ தேடுங்கள். லண்டன் முத்திரையில் வாளேந்திய கை இருக்கும். இவை இல்லையென்றால் அது கரிமருந்துக்கு மட்டும் சோதித்த குழல். இன்றைய தோட்டா அதற்கு ஆகாது.

டமாஸ்கஸ் குழல் என்றாலே வெடித்துவிடும் என்று பலர் பயமுறுத்துவார்கள். அதை நான் ஏற்பதில்லை. இரும்பும் எஃகும் முறுக்கிச் செய்த குழல்கள் நைட்ரோ சோதனையில் தேறியதும் உண்டு, எஃகுக் குழல்கள் அரித்து வீணானதும் உண்டு. முத்திரையையும் அளவையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

மூன்றாம் படி, தோட்டா அறையின் நீளம். அதிகம் பேர் தவறுவது இங்கேதான். அக்கால அறை பெரும்பாலும் இரண்டரை அங்குலம், அதாவது பெயரளவில் 65 மி.மீ. இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் 70 மி.மீ. தோட்டா. இந்த 70 என்பது சுட்டபின் வாய் விரிந்த உறையின் நீளம். மடித்து மூடிய புதுத் தோட்டா 58 மி.மீ. அளவில்தான் இருக்கும், ஆகவே குட்டை அறைக்குள் தடையில்லாமல் போகும். சுட்டதும் மடிப்பு விரிந்து, அறைக்கு முன்னால் குழல் குறுகும் கூம்புக்குள் நுழைந்து வழியை நெருக்கும். அழுத்தம் எகிறும். ப்ரூஃப் ஹவுஸின் 1954 விதிகளின்படி (பழையவற்றை மறுபடி சோதித்தும்) முத்திரை இட்டவற்றில் ‘3 டன்ஸ்’ (சதுர அங்குலத்துக்கு இத்தனை டன் அழுத்தம்) என்றிருந்தால் அது இரண்டரை அங்குலத் தோட்டாவுக்கானது. ‘3¼ டன்ஸ்’ இரண்டே முக்கால் அங்குலத்துக்கானது.

அளக்க 20.2 மி.மீ. அகலமுள்ள தட்டையான பிளாஸ்டிக் பட்டை போதும். நேராக உள்ளே விடுங்கள். கூம்பு தொடங்குமிடத்தில் நிற்கும். குழலின் பின்முகத்திலிருந்து அதுவரை உள்ள நீளமே அறையின் நீளம். இரண்டு குழல்களையும் அளந்து பாருங்கள். ஒன்றை மட்டும் யாரோ கடைந்து நீட்டியிருக்கலாம்.

நான்காம் படி, உள்விட்டமும் சுவர்த் தடிமனும். வெர்னியர் காலிப்பரைத் தள்ளி வையுங்கள். அது குழல்வாயில் மட்டுமே எட்டும். அங்கே சோக் (குழல்வாயில் வேண்டுமென்றே வைத்த குறுக்கம்) இருப்பதால் அந்த அளவு எதையும் சொல்லாது. நீண்ட கைப்பிடியுள்ள டயல் போர் கேஜ்தான் வேண்டும். பின்முனையிலிருந்து 9 அங்குலத்தில் அளக்க வேண்டும். 12 போரின் பெயரளவு 0.729 அங்குலம். 1954 விதி முத்திரையில் உள்ள எண்ணைவிட 0.010 அங்குலம் பெருத்திருந்தால், அரிப்பை நீக்க யாரோ உள்ளே கடைந்திருக்கிறார்கள் என்று பொருள். பழைய முத்திரை இனிச் செல்லாது. அப்படிப்பட்ட துப்பாக்கியை விற்பது பிரிட்டனில் குற்றம்.

சுவர்த் தடிமனுக்குத் தனிக் கருவி உண்டு. வாங்க வேண்டாம், நல்ல துப்பாக்கிக் கம்மியரிடம் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். 0.020 அங்குலத்துக்குக் கீழே எங்காவது இறங்கினால் நான் சுடமாட்டேன். அதற்கு மேலே இருந்தாலும் மெல்லிய இடம் எங்கே என்பது முக்கியம்: குழல்வாய் அருகே என்றால் ஓரளவு பொறுக்கலாம், இடது கை பிடிக்கும் இடத்தில் என்றால் கூடாது.

ஐந்தாம் படி. குழலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துச் சுழற்றுங்கள். உள்ளே தெரியும் ஒளி வளையங்கள் எங்காவது நெளிந்தால் அங்கே நசுங்கலோ வீக்கமோ இருக்கிறது. பிறகு தோட்டா தள்ளியைக் கழற்றிவிட்டு, குழலைக் கயிற்றில் தொங்கவிட்டு மரக்குச்சியால் தட்டுங்கள். மணிபோல் நீண்டு ஒலிக்க வேண்டும். கரகரத்தால் இரு குழல்களையும் இணைக்கும் நடுப்பட்டையின் ஈயப்பற்று விட்டிருக்கலாம்.

ஆறாம் படி, ஆட்டம். முன்கட்டையை மாட்டாமல் குழலை மட்டும் பொருத்தி, மூடி, பக்கவாட்டில் ஆட்டுங்கள். முன்கட்டையின் ஸ்பிரிங் இறுக்கம் தேய்மானத்தை மறைத்துவிடும், அதனால்தான் கழற்றச் சொல்கிறேன். கெட்டி கிரீஸும் அப்படியே மறைக்கும், துடைத்துவிடுங்கள். குழலின் பின்முகத்துக்கும் ஆக்‌ஷன் (குழல் பூட்டி நிற்கும் உலோக உடல்) முகத்துக்கும் இடையே வால்வு இடைவெளி பார்க்கும் ஃபீலர் கேஜின் 0.05 மி.மீ. தகடு நுழைந்தால், இறுக்கும் வேலை பாக்கி இருக்கிறது.

ஏழாம் படி. அறைகளில் போலித் தோட்டா வைத்து, சுத்திகளை ஏற்றி, சேஃப்டியை விலக்கி, அடிக்கட்டையை ரப்பர் விரிப்பில் லேசாக இடியுங்கள். சுத்தி தானே விழுந்தால் பூட்டு தேய்ந்திருக்கிறது. ஆக்‌ஷனோடு கட்டை சேரும் இடத்திலும் கழுத்திலும் மயிரிழை விரிசல் உண்டா என்று பாருங்கள்.

பின்சேர்க்கை: அறையை 70 மி.மீ.க்கு நீட்டினால் பிரச்சினை தீராதா என்று கேட்கிறார்கள். நீட்டும்போது சுவர் மிகத் தடித்திருக்க வேண்டிய இடத்திலேயே உலோகம் குறைகிறது, பழைய முத்திரையும் செல்லாமல் போகிறது. மறுபடி ப்ரூஃப் ஹவுஸ் சோதனைக்கு அனுப்ப வேண்டும். அதைவிட 65 மி.மீ. தோட்டா தேடி வாங்குவது மேல். ‘ஸ்லீவ்டு’ என்ற முத்திரை இருந்தால், பழைய பின்முனையில் புதுக் குழல் பொருத்தி மறுசோதனை செய்தது என்று பொருள். அந்த மறுசோதனை முத்திரையில் உள்ள அறை நீளத்தையும் அழுத்தத்தையும் மட்டும் நம்புங்கள்.