எழுந்தால் தலைவலி, படுத்தால் நிம்மதி: மூளைத் தண்டுவட நீரழுத்தக் குறைவை எப்படி அறிவது, எப்படிச் சரிசெய்வது?

மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் நீர், பெரியவர்களுக்கு எந்நேரமும் ஏறத்தாழ 150 மில்லிலிட்டர் இருக்கும். அதைத் தாங்கும் உறையில் துளை விழுந்து நீர் கசிந்தால், அதுவரை மிதந்துகொண்டிருந்த மூளை நாம் நிமிர்ந்தவுடன் கீழே சரிகிறது. அப்போது இழுபடும் உறைகளும் நாளங்களும்தான் வலிக்கின்றன.

ஆகவே எந்தக் கருவிக்கும் முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: காலையில் கண்விழித்து, தலையணையிலிருந்து தலையைத் தூக்கும் முன் வலி இருக்கிறதா? மூன்று நாட்களுக்கு, எழுந்த நேரம், வலி தொடங்கிய நேரம், படுத்தபின் எத்தனை நிமிடத்தில் தணிந்தது ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். கழுத்து இறுக்கம், காதில் இரைச்சல், குமட்டல், இரட்டைப் பார்வை இருந்தால் அவற்றையும், அண்மையில் சிசேரியனுக்காகவோ வேறு சிகிச்சைக்காகவோ முதுகில் ஊசி போட்டிருந்தால் அதையும் மறவாமல் சொல்லுங்கள். நாட்பட்ட கசிவில், எழுந்தால் வலி, படுத்தால் நிம்மதி என்ற இந்தத் தெளிவு மங்கி, பிற்பகலில் கூடும் வலியாக மட்டும் மிஞ்சுவதால், ஒற்றைத் தலைவலி என்றோ சைனஸ் என்றோ கருதி மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குவோர் இருப்பது வருத்தத்துக்குரியது.

ஊசிக்குப் பின் வந்த தெளிவான வலிக்குப் பெரும்பாலும் ஸ்கேன் தேவைப்படாது. தானாக வந்ததென்றால், படத்தைத் தெளிவாக்கும் கேடோலினியம் மருந்து செலுத்தி மூளைக்கும், அதையடுத்து முதுகெலும்புக்கும் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். மூளையுறை தடித்து ஒளிர்வதும் மூளை தாழ்ந்திருப்பதும் முக்கியத் தடயங்கள். ஆனால் படம் இயல்பாக இருப்பதாலேயே நோயில்லை என்று முடிவுகட்டக் கூடாது. நீரழுத்தம் நீர்மட்ட அளவில் 60 மில்லிமீட்டருக்குக் கீழிருந்தால் குறைவு என்பது கணக்கு. இருப்பினும் கசிவுள்ள பலருக்கு அது இயல்பாகவே இருக்கிறது. அளப்பதற்காக மட்டும் ஊசி குத்துவது இன்னொரு துளையிடுவதுதான்.

ஊசியால் வந்த கசிவு பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அடைபட்டுவிடும். அதுவரை படுத்திருப்பதும், போதிய நீரும், பாராசிட்டமாலும், காப்பியும் ஆறுதல் தரும். வலி கடுமையாக இருந்தாலோ நீடித்தாலோ, 1960இல் ஜேம்ஸ் கோர்ம்லி விவரித்த பிளட் பேட்ச் முறை கைகொடுக்கிறது. நோயாளியின் கையிலிருந்தே சுமார் 20 மில்லிலிட்டர் இரத்தத்தைக் கிருமி நீக்க முறைப்படி எடுத்து, தண்டுவட உறைக்கு வெளியே மெதுவாகச் செலுத்துவார்கள். முதுகில் பாரமோ வலியோ தெரிந்தால் உடனே சொல்லுங்கள். மருத்துவர் அத்துடன் நிறுத்திக்கொள்வார். அந்த இரத்தம் உறைந்து துளையை அடைக்கிறது. சிலருக்கு இரண்டாம் முறையும் தேவைப்படலாம்.

அதன்பின் நான்கு முதல் ஆறு வாரம் குனியவோ, பளு தூக்கவோ, இடுப்பைத் திருகவோ கூடாது. பிள்ளை பெற்றவர்களுக்குக் குழந்தையை வேறொருவர் எடுத்துக் கையில் தர வேண்டும். படுத்தால் நெற்றியில் புதிதாக வலி கூடினால் அழுத்தம் இப்போது மிகுந்துவிட்டது என்று பொருள். பழைய பழக்கத்தில் மேலும் படுத்திருக்காமல் மருத்துவரை அழையுங்கள். காய்ச்சல், வலிப்பு, மயக்கநிலை, கைகால் தளர்ச்சி கண்டாலோ, படுத்தும் வலி தணியாமல் போனாலோ, மூளையுறைக்கடியில் இரத்தக் கசிவோ நாளத்தில் இரத்தக் கட்டோ இருக்கக்கூடும்; அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.