வடசென்னை வகுப்பறையில் சூழல் பாடம்: எங்கே சறுக்குகிறோம்?

பள்ளிகளில் சூழல் கல்வி கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது. புத்தகத்தில் பாடம் இருக்கிறது, பல பள்ளிகளில் பசுமைப் படையும் இருக்கிறது. சிக்கல் நடத்துகிற விதத்தில்தான்.

எண்ணூர்ப் பிள்ளைக்குப் பனிப்பாறை உருகுவதைப் படம் போட்டுக் காட்டுகிறோம். தெருக்கோடியில் கடலில் கலக்கும் கொசஸ்தலை ஆற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. வேதியியலில் அம்மோனியா வரும். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து கசிந்து, பெரியகுப்பம் மக்களைத் தூக்கத்திலிருந்து எழுந்து ஓட வைத்தது அதே அம்மோனியாதான். ‘நீரில் நன்றாகக் கரையும்’ என்று மார்க்குக்காக எழுதும் வரியில்தான், ஈரத்துணியால் மூக்கை மூடச் சொல்வதற்கான காரணமும் இருக்கிறது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, அதன் போக்கிலேயே ஓடாமல் குறுக்கே விலக வேண்டும் என்பதையும் அந்தப் பீரியடிலேயே சொல்லிவிடலாம்.

கணக்கு வகுப்பும் அப்படித்தான். நம் நாட்டு நிலக்கரியை 100 கிலோ எரித்தால் பொதுவாக 30, 40 கிலோ சாம்பல் மிஞ்சும். அனல்மின் நிலையச் சாம்பல் ஆற்றில் படிந்து ஆழம் குறைந்தால் இறால் என்ன ஆகும்? இதற்கு ஆசிரியர் பதில் சொல்வதைவிட, ஆற்றில் கையால் தடவி இறால் பிடிப்பவர் ஒருவரை அழைத்துப் பேசச் சொல்லலாம். வந்தவருக்கு நாற்காலி போடுங்கள், வேடிக்கைப் பொருளாக நிற்க வைக்காதீர்கள்.

இதைவிடப் பெரிய தவறு, பிள்ளைகளைக் கூனிக்குறுக வைப்பது. மணலி ஆலைகளில் காண்ட்ராக்ட் வேலைக்குப் போகிறவரின் மகனும், கொடுங்கையூர்க் குப்பைமேட்டில் பிளாஸ்டிக் பொறுக்குகிறவரின் மகளும் ஒரே வகுப்பில்தான் இருக்கிறார்கள். ‘ஜனங்களுக்குச் சுத்தம் தெரியவில்லை’ என்று பொத்தாம்பொதுவாகப் பேசினால் அவர்கள் தலை குனியும். அந்த மேட்டுக்கு நகரத்தின் மற்ற பகுதிகளிலிருந்தும் லாரி லாரியாகக் குப்பை வருகிறது என்பதை முதலில் சொல்லுங்கள். அப்புறம் கேளுங்கள்: பால் கவர் காயலான் கடையில் விலை போகிறது, சிப்ஸ் பாக்கெட் ஏன் போவதில்லை? பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கடுக்காக ஒட்டியிருப்பதால் பிரித்தெடுப்பது கஷ்டம். அந்த மகள் இதற்குப் பதிலை வீட்டிலேயே கேட்டு வந்துவிடுவாள்.

களப்பயணம் என்று கூட்டிப்போய்ச் சாம்பல் தண்ணீரில் பிள்ளைகளை இறக்கக் கூடாது. பாலத்தின் மேலிருந்து பார்த்து வரைந்தால் போதும்.

ஜூன் 5-ஆம் தேதி, உலகச் சுற்றுச்சூழல் நாளில், கன்று நடும் சடங்கும் வேண்டாம் என்பேன். போட்டோ நன்றாக வரும், கன்று வெயிலில் கருகும். நமக்குப் பெருமழை அக்டோபரில்தான் தொடங்கும். செப்டம்பர் கடைசியில் பூவரசோ புங்கனோ வையுங்கள், உப்புக்காற்றைத் தாங்கும். அப்புறம் அந்தக் கண்காட்சி! ‘பூமியைக் காப்போம்’ மாடல் முழுக்கத் தெர்மகோல். தெர்மகோல் கப்புக்கே 2019 ஜனவரியில் இங்கே தடை வந்துவிட்டது.

‘இதெல்லாம் பேசினால் அரசியலாகிவிடும் சார்’ என்று தயங்கும் ஆசிரியர்கள் நிறைய. சரி, கருத்து எதுவும் சொல்ல வேண்டாம். மணலியின் காற்றுத்தரக் குறியீட்டை, அதாவது காற்று எவ்வளவு மாசுபட்டிருக்கிறது என்று காட்டும் எண்ணை, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே தினமும் வெளியிடுகிறது. அந்த எண்ணைத் தேதியோடு கரும்பலகை ஓரத்தில் ஒரு மாணவரை எழுதச் சொல்லுங்கள். மாதக் கடைசியில் வரைபடத் தாளில் கோடு போடட்டும். எந்த நாளில் ஏறியது, ஏன் என்று அவர்களே கேட்க ஆரம்பிப்பார்கள்.